கோட்டையிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை: வடசென்னைப் பயணக் குறிப்புகள்

திங்கள்

மாநிலத்தின் சட்டமன்றமும், அது எடுக்கும் முடிவுகளை அதிகம் சுமக்கிற ஊர்களும் ஒரே கடற்கரையில் இருப்பது வடசென்னையில்தான். புனித ஜார்ஜ் கோட்டையை விட்டு வடக்கே நடந்தால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வரிசையாக வரும். அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, துறைமுகம், குப்பைமேடு எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது இந்தப் பக்கம்தான். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சட்டமன்றம் ஒரு கொள்கையை எப்படி விவாதிக்கிறது, எப்படித் துருவிக் கேட்கிறது என்று வகுப்பில் சொன்னதையெல்லாம் இந்தத் தெருக்களில் வைத்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

மண்ணடியில் அறை. காலையில் நடந்தே கோட்டைக்குப் போனேன். எங்கள் தொகுதி உறுப்பினரின் பரிந்துரையில் பார்வையாளர் மாடத்துக்குச் சீட்டு கிடைத்திருந்தது. பேரவைத் தலைவர் ஒரு குறளையும் அதன் பொருளையும் வாசிக்க, அவை தொடங்கியது. அவர் அமர்ந்திருக்கும் நாற்காலி 1922இல் ஆளுநர் வெலிங்டன் பிரபுவும் அவர் மனைவியும் அன்பளிப்பாகத் தந்தது. சட்டமன்றம் என்ற ஏற்பாட்டின் வயதை அந்த நாற்காலியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கேள்வி நேரம் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒரு உறுப்பினர் தன் தொகுதிக்குப் பாலம் கேட்டார். நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்றார் அமைச்சர். பலர் இதைக் கேட்டு அலுத்துப்போய் எழுந்துவிடுவார்கள். ஆனால் அமைச்சர் அவையில் சொன்ன அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு குழு இருக்கிறது. அரசு உறுதிமொழிக் குழு என்று பெயர். அவையில் அமைச்சர்கள் கொடுத்த வாக்குறுதிகளைப் பட்டியல் போட்டு, நிறைவேறியதா இல்லையா என்று துறைகளைக் கேட்பதுதான் அதன் வேலை. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் குழு தெரியும்? செய்தித்தாளில் வெளிநடப்புக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை.

அப்புறம் மானியக் கோரிக்கை. நிதிநிலை அறிக்கை வாசித்து, அதன் மேல் பொது விவாதம் முடிந்த பிறகு, துறை துறையாக அவை பணம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைக்கும். கடந்த ஆண்டு என்ன செய்தோம், இந்த ஆண்டு என்ன செய்யப்போகிறோம் என்று அதில் அட்டவணைகளோடு இருக்கும். உண்மையில் ஆண்டு முழுவதற்குமான சட்டமன்ற வேலையில் இதுதான் நெஞ்சுப் பகுதி என்பேன். ஆனால் ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகளின் கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறார்கள். பேச எழுபவருக்கு நிமிடக் கணக்கு. அதிலும் முதல் பகுதி தலைவர்களுக்கு நன்றி சொல்வதில் போய்விடுகிறது. பிறகு தொகுதிக் கோரிக்கைகள். புத்தகத்தின் நூறாவது பக்கத்தில் இருக்கும் ஒரு செலவுக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, இது ஏன் இப்படி என்று அரை மணி நேரம் கேட்க அங்கே வழி இல்லை. எதிர்க்கட்சிகள் கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கின்றன. அமைச்சர் பதிலுரை தருகிறார், புதிய அறிவிப்புகளை வாசிக்கிறார், கோரிக்கை நிறைவேறுகிறது. பேரவை விதி 110இன் கீழ் முதலமைச்சர் வாசிக்கும் அறிக்கைகளுக்கு விவாதமே கிடையாது. விதி அப்படி.

அறைக்குத் திரும்பும் வழியில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் ஒரு தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நாளை பெரம்பூர்.

செவ்வாய்

பெரம்பூர் போனது 1921க்காக. அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்தைச் சேர்ந்த கன்னாட் கோமகன் வந்து புதிய சென்னை சட்டசபையைத் திறந்துவைத்தார். 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி அமைந்த சபை, அதில் 98 பேர் தேர்தலில் வென்று வந்தவர்கள். நீதிக்கட்சி ஆட்சி. கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் தனக்கு வந்த பதவியை வேண்டாமென்று சொல்லிவிட, சுப்பராயலு ரெட்டியார் முதல்வரானார். தியாகராயர் வடசென்னைக்காரர், வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது.

அதே ஆண்டு இங்கே பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில், மக்கள் வாயில் பின்னி மில்லில், மாதக் கணக்கில் வேலை நிறுத்தம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் இங்குதான் தொடங்கியது. செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு, பி.பி.வாடியா, திரு.வி.க. என்று நிற்கும் பெயர்கள் அந்தச் சங்கத்தோடு சேர்ந்தவை. 1921 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின.

துப்பாக்கிச் சூடு பற்றிப் புதிய சட்டசபை யாரைக் கேட்கும்? அந்தச் சட்டம் மாகாண அதிகாரத்தை இரண்டாகப் பிரித்திருந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை மாற்றப்பட்ட துறைகள்; அவற்றுக்கு அமைச்சர்கள் சபைக்குப் பொறுப்பு. காவல், நில வருவாய் போன்றவை ஒதுக்கப்பட்ட துறைகள். இவை ஆளுநர் கையில். இரட்டை ஆட்சி என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான். பெரம்பூர்த் தொழிலாளி ஓட்டுப் போடத் தகுதியே இல்லாதவன். அவன் மேல் சுட்ட போலீசுக்குச் சபை அமைச்சர் பொறுப்பில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல அமைச்சர் உண்டு, லத்தியைப் பற்றிக் கேட்டால் கிடையாது.

இதையும் சொல்ல வேண்டும்: அதே அரைகுறை சபைதான் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்க முடிவெடுத்தது, இந்திய மாகாணங்களில் முதலாவதாக. 1927இல் உறுப்பினரான முத்துலட்சுமி ரெட்டி அதே சபையின் துணைத் தலைவராகித் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். கொஞ்ச அதிகாரம் இருந்தாலும் உள்ளே இருப்பவர்கள் மனது வைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இது போதும்.

மில் 1996இல் மூடப்பட்டது. ஆலை இருந்த திசையைக் காட்டிய டீக்கடைக்காரர், "எங்க தாத்தா அங்க நெசவுல இருந்தாரு சார்" என்றார். அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படி ஒரு தாத்தா இருப்பார் போலிருக்கிறது.

புதன்

மழை. ராயபுரம் ரயில் நிலையத்தை நனைந்துகொண்டே பார்த்தேன். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம். காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிறகு வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி விம்கோ நகர் வரை போய்த் திரும்பினேன். 2021 பிப்ரவரியில் திறந்த தடம், 9 கிலோமீட்டர். வடசென்னைக்காரர்கள் இதற்காகக் காத்திருந்த காலம் நீளம்.

2023-24 நிதிநிலை அறிக்கையில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடக்க விழா நடந்தபோது தொகை 4,181 கோடியாக வளர்ந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் இந்தத் தொகை பல துறைகளின் பணத்தைச் சேர்த்துக் கட்டியது. மானியக் கோரிக்கை துறை துறையாக வருவதால், வடசென்னை என்ற முழு இடத்தையும் வைத்து ஒரு நாள் உட்கார்ந்து கேட்க அவையில் இடமில்லை. கொடுங்கையூரில் குப்பைமேட்டுக்கு அருகே மாலையில் பேசியபோதும் இதே சிக்கல். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை அங்கே மக்கள் எதிர்க்கிறார்கள். திட்டம் மாநகராட்சியுடையது, மாநகராட்சி மன்றத்தில் 200 வார்டுகள், அதற்கு மேலே நகராட்சி நிர்வாகத் துறை, அதன் மேலே பேரவை. எந்தப் படியில் நின்று கேட்பது என்று ஒரு ஆசிரியை என்னிடமே கேட்டார்.

வியாழன்

கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயில். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூரில் இறங்கினேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம். ஒரு பக்கம் புகைபோக்கிகள், தண்ணீருக்கு நடுவே மின்கோபுரங்கள், கரையோரம் சாம்பல் கொண்டுபோகும் குழாய்கள். சில இடங்களில் சேறே சாம்பல் நிறம். இதற்கு நடுவில் ஆண்களும் பெண்களும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

2023 டிசம்பர் இந்த ஊருக்கு மறக்காது. மாத முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு முழுக்கப் படிந்தது. மீனவர்களே வாளியில் அள்ளினார்கள். அது காய்வதற்குள் 26ஆம் தேதி நள்ளிரவில் ஒரு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

குப்பத்தில் ஒரு திண்ணையில் உட்கார இடம் கொடுத்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், உங்கள் பிரச்சினை சட்டமன்றத்தில் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சு சார். பேசுனாங்க. டிவில பாத்தோம்."

பக்கத்தில் இருந்த அம்மா தொடர்ந்தார். "எங்களப் பத்தி பேசுறாங்க. எங்கள வச்சிக்கினு பேசணும் சார். அந்த ஆபீசரு எதிர்ல உக்காந்திருக்கணும், நான் இந்தப் பக்கம் உக்காரணும். நான் சொல்றது பொய்யின்னா அவரு அங்கியே சொல்லட்டும்."

இதைக் கேட்டபோது எனக்கு எடின்பரோ நினைவு வந்தது. தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது ஹோலிரூட்டில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குப் பல முறை போய் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா கேட்ட மேசை அங்கே இருக்கிறது.

லண்டன் நாடாளுமன்றம் 1998இல் இயற்றிய சட்டத்தால் உருவான சபை அது. 1999 முதல் நடக்கிறது. 129 உறுப்பினர்கள். நம் பேரவையில் 234. மேலவை அங்கும் இல்லை, 1986க்குப் பிறகு இங்கும் இல்லை. மேலவை இல்லாத சபையில் இரண்டாவது முறை நிதானமாகப் பார்ப்பது யார் என்ற கேள்விக்கு அவர்கள் குழுக்களை விடையாக வைத்தார்கள். ஒரு மசோதா வந்தால் முதல் கட்டத்திலேயே அந்தத் துறைக்குரிய குழுவுக்குப் போகும். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம் என்று அறிவிப்பு வரும். பாதிக்கப்பட்டவர்கள், மருத்துவர்கள், தொழிற்சங்கத்தார், அதிகாரிகள், கடைசியில் அமைச்சர் என்று வரிசையாக உட்காரவைத்துக் கேட்பார்கள். மசோதாவின் அடிப்படை சரிதானா என்று குழு அறிக்கை கொடுத்த பிறகுதான் முழு அவை அதைப் பற்றி முடிவெடுக்கும். இரண்டாம் கட்டத்தில் குழுவிலேயே வரிவரியாகத் திருத்தம். மூன்றாம் கட்டம் மறுபடி முழு அவையில். பேசிய ஒவ்வொரு சொல்லும் பதிவேட்டில் ஏறும்.

மனு கொடுக்க ஒரே ஒரு கையெழுத்து போதும். 2014இல் அறுவைச் சிகிச்சையில் உடலுக்குள் வைத்த வலையால் தீராத வலிக்கு ஆளான பெண்கள் மனுக் குழு முன்னால் வந்து உட்கார்ந்து சொன்னார்கள். அந்த ஆண்டே அந்தச் சிகிச்சையை நிறுத்திவைக்கும்படி சுகாதார அமைச்சர் மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டார். 2018இல் அதை நிறுத்தினார்கள். வலையை அகற்றத் தங்கள் பணத்தில் தனியார் மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு அந்தச் செலவைத் திருப்பித்தர 2022இல் சட்டமே வந்தது. எட்டு ஆண்டுகள் ஆனது உண்மை. ஆனாலும் தொடங்கிய இடம் அந்தப் பெண்களின் வாய்மொழி.

அங்கே குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் குழுவிலும் தங்கள் அமைச்சரை மெதுவாகத்தான் கேட்கிறார்கள். உறுப்பினர் எண்ணிக்கை குறைவு என்பதால் ஒரே ஆள் பல குழுக்களில் ஓடுகிறார். அந்தச் சபையின் கட்டடமே அதிகபட்சம் 4 கோடி பவுண்டு என்று தொடங்கி 41 கோடியைத் தாண்டியது. அதற்கே ஒரு விசாரணை வைக்கவேண்டி வந்தது. மேலிருப்பவர் கையும் அங்கே நீளும். 2023 ஜனவரியில் லண்டன் அரசு 1998 சட்டத்தின் 35ஆம் பிரிவை முதன்முறையாகப் பயன்படுத்தி அவர்கள் நிறைவேற்றிய ஒரு மசோதாவை நிறுத்தியது. நீட் விலக்கு மசோதாவை நம் பேரவை 2021இல் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பியனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்த செய்தியை 2025 ஏப்ரலில் அவையில் கேட்டவர்களுக்கு இந்த வலி புரியும். 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்ட பேரவை நம்முடையது. அதே பேரவை தன் கையில் ஏற்கெனவே இருக்கிற அதிகாரத்தையும் முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். துறைவாரியான குழு வைக்க டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. கேரளச் சட்டமன்றம் 1980லேயே வைத்துவிட்டது. அங்கே மானியக் கோரிக்கைகள் முதலில் அந்தக் குழுக்களுக்குப் போய்த்தான் அவைக்குத் திரும்புகின்றன.

இதையெல்லாம் திண்ணையில் சொன்னேன். பெரியவர் வலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இங்க கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்துச்சே சார், அது இன்னா?" எர்ணாவூரில் 2024 டிசம்பரில் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்காக நடந்த கூட்டத்தைச் சொன்னார். அது சுற்றுச்சூழல் அனுமதிக்காக ஒன்றிய அரசின் விதிப்படி நடப்பது, அங்கே பேசியது டெல்லியில் உள்ள நிபுணர் குழுவுக்குப் போகும், நம் பேரவைக்கு வராது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. துறைமுகம் ஒன்றிய அரசுடையது. சுத்திகரிப்பு ஆலை ஒன்றிய அரசின் நிறுவனம். கடலோர ஒழுங்குமுறை விதி டெல்லியில் எழுதியது. மின் நிலையம் மாநிலத்துடையது, மீன்வளம் மாநிலப் பொறுப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலத்துடையது. கழிமுகத்தின் தென்கரை திருவொற்றியூர்த் தொகுதி, வடகரை பொன்னேரி. ஆற்றுத் தண்ணீருக்கு இந்தப் பிரிவினை ஒன்றும் தெரியாது.

வெள்ளி

மறுபடி எண்ணூர். பேரவையின் மனுக்கள் குழுவைப் பற்றி நேற்றே சொல்லியிருந்தேன். மாவட்டங்களுக்கு நேரில் போய் மக்களிடம் மனு வாங்கி, அதிகாரிகளை வைத்துக்கொண்டு விசாரிக்கிற குழு அது. நம்மிடம் இருப்பதில் அந்த அம்மா கேட்ட மேசைக்கு மிக அருகில் வருவது அதுதான். எழுதிப் பார்ப்போம் என்று சிலர் கூடியிருந்தார்கள். பள்ளி முடித்த ஒரு பெண் நோட்டோடு உட்கார்ந்தாள்.

குழு கேட்கும் நிபந்தனைகளை முதலில் சொன்னேன். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். தனிநபர் குறை, பட்டா, வேலை, உதவித்தொகை கூடாது. நீதிமன்றத்தில் இருப்பது கூடாது. ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். தமிழில், ஐந்து நகல்.

ஒரே துறை என்றதும் பேச்சு நின்றுவிட்டது. சாம்பல் மின்துறை. ஆறு நீர்வளத் துறை. இறால் மீன்வளத் துறை. காற்று சுற்றுச்சூழல் துறை. எண்ணெயும் அம்மோனியாவும் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயங்கள், தொட்டால் அந்தக் காரணத்துக்கே மனு திரும்பிவிடும் என்று ஒருவர் சொன்னார். ஒரே வாழ்க்கையை எத்தனை துண்டாக வெட்டி எழுதுவது? இந்த நிபந்தனையை அடுத்த பேரவை மாற்றினால் எவ்வளவோ நன்மை.

கடைசியில் நேற்றுப் பேசிய அம்மாதான் வழி சொன்னார். "புள்ளைங்க மூச்சத்தான் முதல்ல எழுதணும்." குப்பங்களில் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும், அதன் முடிவை ஒவ்வொரு ஆண்டும் பேரவையில் வைக்க வேண்டும். ஒரே பிரச்சினை, மக்கள் நல்வாழ்வுத் துறை என்ற ஒரே துறை. இந்தக் கோரிக்கையோடு எந்த வழக்கும் இருப்பதாக அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. மற்றவற்றுக்குத் துறைக்கு ஒன்றாகத் தனித்தனி மனுக்கள் பின்னால் வரும்.

அந்தப் பெண் மூன்று முறை அடித்து எழுதினாள். நான் சேர்த்துச் சொன்ன பெரிய சொற்களையெல்லாம் எடுத்துவிட்டாள், அதுவே சரி. தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009 என்று முகவரி. படித்துக் காட்டியதும், குழு கோட்டையில் கூப்பிடாமல் இங்கேயே வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் பெரியவர். அதையும் சேர்த்தாயிற்று. கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் நகல் எடுக்க எர்ணாவூர் கடைக்குப் போகிறோம்.